கரையில் ஒரு சிவப்புக் கூரை

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு நாற்பத்தாறு. இந்தக் கதையில் வழக்கத்துக்கு மாறாக இருப்பது அது ஒன்றுதான். மற்றபடி எல்லாச் சீடர்களையும் போல இவருக்கும் ஒரு கேள்வி இருந்தது. எல்லாக் குருமார்களையும் போல அவரும் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். விடியற்காலையில் கடற்கரைக்கு வந்து, ஆசைப்பட்டுக் கேட்கும் பெரியவர்களுக்கு டிரையத்லான் பயிற்சி கொடுப்பார். கடலில் ஒன்றரை கிலோமீட்டர் நீந்தி, கரையேறிய ஈரத்தோடு நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு பத்து கிலோமீட்டர் ஓடுகிற போட்டி அது. வீட்டில் சும்மா இருக்க முடியாதவர்களுக்காக யாரோ கண்டுபிடித்தது என்று சீடரின் மனைவி சொல்வார்.

சீடர் பேச்சிமுத்து, உப்புக் கம்பெனியில் கிடங்கு மேலாளர். அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, அந்தப் போட்டியை ஒரு தடவையாவது முழுசாக முடிக்க வேண்டும். இன்னொன்று, கடற்கரைச் சாலையில் வரிசையாக நிற்கும் வண்டிக்கடைகள். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து, உள்ளே அடுப்பும் கல்லும் வைத்த கடைகள். எந்த வண்டியில் எந்தக் கிழமை காடை வறுவல் நன்றாக அமையும் என்பது அவருக்கு அத்துப்படி. அதிலும் லூர்துவின் சிவப்புக் கூரை வண்டி என்றால் உயிர். காலையில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும், மாலையில் முட்டை புரோட்டா. லூர்து ஆப்பச்சட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் பேச்சிமுத்துவின் சைக்கிள் தானாக ஓரங்கட்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்த இரண்டு ஆசைகளுக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ஆப்பத்தைப் பிய்க்கும்போது இதற்காக எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கும் என்று யோசிப்பார். ஓடும்போது ஆப்பத்தை யோசிப்பார். நான்காவது ஆப்பத்தை டீச்சர் கண்ணில் படாமல் வண்டிக்குப் பின்னால் நின்று தின்பார். ருசியாக இருந்ததா என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

போட்டியில் இரண்டு வருடம் கலந்துகொண்டார். இரண்டு வருடமும் நீச்சலிலேயே நின்றுபோனார். ஐம்பது நிமிடத்துக்குள் கரையேற வேண்டும் என்பது விதி. இரண்டாம் வருடம் காவல் படகுதான் அவரை ஏற்றிக்கொண்டு வந்தது. மற்றவர்கள் சைக்கிளில் ஏறிப் போனார்கள். அவருடைய சைக்கிள் மட்டும் துடைத்து வைத்தபடி மதியம் வரை வெயிலில் நின்றது. அதை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. மூன்றாவது தடவையும் இப்படி ஆனால் இனிக் கடலில் கால் வைப்பதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிறவர் என்பதால் மனைவியும் கேலி செய்யவில்லை.

போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஒருநாள் டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், ரெண்டுல ஒண்ணுதான் நமக்கு அமையும் போல. வண்டிக்கடையை விட்டுரட்டுமா?"

டீச்சர் கடலில் தூரத்தில் மிதந்த ஆரஞ்சு நிற மிதவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதவை வரைக்கும் போயிட்டு வாங்க, அண்ணாச்சி."

பேச்சிமுத்து போய்விட்டு வந்தார். விடு என்பதைத்தான் டீச்சர் அப்படிச் சொல்கிறார் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். சீடர்களுக்கு இது கைவந்த கலை. போட்டி முடியும்வரை எந்த வண்டியிலும் கை நனைப்பதில்லை, லூர்து வண்டியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்தார். வேகவைத்த கொண்டைக்கடலையும் ஓட்ஸும் ஆரம்பமாயின. மூன்று வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது, முகத்தில் இருந்த சிரிப்பும் குறைந்தது. வீட்டில் எல்லோரும் அவரிடம் கொஞ்சம் எட்டி நின்றே பேசினார்கள்.

எடை குறைந்தது, நேரம் குறையவில்லை. மிதவைக்குப் போகும்போது ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து நேராகப் போய்விடுவார். திரும்பி வரும்போதுதான் எங்கேயோ போய் ஏறுவார். டீச்சர் ஒரு இடத்தில் நின்றால் அவர் வடக்கே வேறொரு இடத்தில் எழுந்து நிற்பார். ஒருநாள், ஏறிய இடத்திலிருந்து தன்னிடம் வரை எத்தனை காலடி என்று எண்ணிக்கொண்டு வரச் சொன்னார் டீச்சர். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது.

"கரைக்கு வரும்போது எதைப் பாத்து நீந்துதீங்க?"

"எதையும் பாக்கல."

"பாக்காம எப்படி?"

பேச்சிமுத்து கொஞ்ச நேரம் காதில் இருந்த தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு உண்மையைச் சொன்னார். அவருக்குக் கிட்டப்பார்வை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினால் கரை மொத்தமும் கலங்கிய ஒரு கோடு. அதில் பளிச்சென்று தெரிவது லூர்து வண்டியின் சிவப்புக் கூரை மட்டும்தான். அதைத்தான் பார்க்கக் கூடாது என்று சத்தியம். அதனால் தலையையே தூக்காமல் நீந்தினார். நீரோட்டம் இழுத்த பக்கம் போனார்.

வேறு யாராவது இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"நாளைக்கு அதைப் பாத்தே வாங்க."

"பாத்தா சாப்பிடத் தோணுமே, டீச்சர்."

"தோணட்டும்."

மறுநாள் பேச்சிமுத்து பிசகாமல் வண்டிக்கு நேராக, டீச்சர் நின்ற இடத்துக்கே வந்து ஏறினார். ஆனால் ஏறும்போது நாக்குத் தள்ளியது. கெடு தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

எத்தனை தடவை தலையைத் தூக்கினீர்கள் என்று டீச்சர் கேட்டார். கீழே வைக்கவே இல்லை என்று இவர் ஒப்புக்கொண்டார். இருபத்து மூன்று நாள் பார்க்காமல் இருந்தது, பார்த்தவுடன் கண்ணை எடுக்க முடியவில்லை.

டீச்சர் தண்ணீருக்குள் இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் குப்புற மிதந்தார். தலையைத் தூக்கினார், கால்கள் கீழே போயின. முகத்தை உள்ளே வைத்தார், கால்கள் மேலே வந்தன. மூன்று தடவை செய்து காட்டிவிட்டு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எப்பதான் தூக்க?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

"வழி தப்புதோன்னு சந்தேகம் வாரதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் தலையைத் தூக்குற நேரமில்ல. முகம் தண்ணிக்குள்ள இருக்கட்டும்."

அன்றிலிருந்து அப்படியே செய்யப் பழகினார். ஒரு பார்வை, பிறகு முகம் உள்ளே. கைகளைப் பத்துப் பன்னிரண்டு தடவை வீசிய பிறகு இன்னொரு பார்வை. சில நாள் சரியாக வந்தது, சில நாள் ஆசை ஜெயித்து இடுப்பு முங்கியது. ஒன்றரை மாதத்தில் ஐம்பது நிமிடத்துக்குள் வந்துவிட்டார்.

ஆனால் சத்தியத்தை மட்டும் விடவில்லை. பார்க்கலாம் என்றுதானே டீச்சர் சொன்னார், சாப்பிடலாம் என்று சொல்லவில்லையே என்பது அவருடைய வாதம். கடலிலிருந்து வண்டியை ஆசையாகப் பார்ப்பார். கரையேறியதும் குனிந்த தலை நிமிராமல் அதைக் கடந்து போவார். மூன்று அடி தூரத்தில் நின்ற லூர்துவுக்கு இது ரொம்ப வலித்தது. ஒருநாள் டீச்சரிடம் வந்து, ஆப்பத்தில் ஏதும் குறையா, மாவு புளித்துவிட்டதா, அண்ணாச்சி ஏன் முகம் கொடுப்பதில்லை என்று கேட்டார். உங்களைப் பார்த்துத்தான் அவர் தினமும் கரை சேருகிறார் என்று டீச்சர் சொன்னார். லூர்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் கூரையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தார்.

போட்டி நாள் வந்தது. பேச்சிமுத்து இருட்டு பிரியும் முன்பே வந்து, சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்தி, ஷூவைப் பக்கத்தில் வைத்தார். பிறகு சாலையைப் பார்த்தார். ஒரு வண்டிகூட இல்லை. போட்டிக்காகச் சாலையை மறித்திருந்தார்கள். வண்டிக்கடைகள் எல்லாம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் போக வேண்டும் என்று முந்தின நாள் மாலையிலேயே சொல்லிவிட்டார்களாம். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

டீச்சரைத் தேடி ஓடினார்.

"வண்டி இல்ல, டீச்சர்."

"பாத்தேன்."

"நான் எதைப் பாத்து வருவேன்?"

"நேத்து எங்க நின்னுச்சு?"

அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

மிதவை வரை ஒழுங்காகப் போனார். சுற்றித் திரும்பித் தலையைத் தூக்கினார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அவ்வளவுதான். கரையேறும் இடத்தில் வளைவு கட்டியிருந்தார்கள். அதுவும் வெள்ளைத் துணி, வானத்தோடு போய்விட்டது. இன்னொரு தடவை தூக்கினார். இன்னொரு தடவை. சிவப்பு எங்கேயும் இல்லை. தேடத் தேட இடுப்பு முங்கியது, வாயில் உப்புத் தண்ணீர் ஏறியது. வலது பக்கம் காவல் படகின் இன்ஜின் சத்தம் கேட்டது. வெயிலில் தனியாக நின்ற சைக்கிள் நினைவுக்கு வந்ததும் அவருக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். கால்கள் மேலே வந்தன. கைகளை வீசினார்.

அடுத்த தடவை தலையைத் தூக்கியபோது அவர் சிவப்பைத் தேடவில்லை. அது தினமும் எங்கே நிற்குமோ அங்கே பார்த்தார். இடது பக்கம் வெளுத்த உருண்டையாக ஒன்று, அது தண்ணீர்த் தொட்டி. வலது பக்கம் கறுத்த உருண்டையாக ஒன்று, அது வாதாமரம். இரண்டையும் கடலிலிருந்து இதற்கு முன் பார்த்ததாகவே அவருக்கு நினைவில்லை. நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்துக்கு நீந்தினார்.

டீச்சர் நின்ற இடத்துக்கு நேராகக் கரையேறினார். கெடுவுக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. டீச்சர், "சைக்கிள்," என்று மட்டும் சொன்னார்.

பேச்சிமுத்து ஓடினார். துறைமுகச் சாலையில் மிதிக்கும்போது அழுதுகொண்டே மிதித்தார். உப்புக்காற்றில் கண் கரிக்கிறது என்று பக்கத்தில் வந்தவரிடம் சொல்லிவைத்தார். ஓட்டத்தையும் முடித்தார். கடைசியிலிருந்து மூன்றாவது ஆள். மனைவி கழுத்தில் துண்டைப் போட்டுவிட்டு, சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். போகும்போது அடிக்கடி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

டீச்சரும் பேச்சிமுத்துவும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். லூர்து தூரத்திலேயே பார்த்துவிட்டு மாவைக் கரண்டியில் எடுத்தார். சட்டியைச் சுழற்றினார், மூடினார், திறந்தார். ஓரம் முறுகி நடு பொங்கிய இரண்டு ஆப்பம் பேச்சிமுத்துவின் தட்டில் விழுந்தது. மேலே தேங்காய்ப்பாலை ஊற்றினார். டீச்சருக்கும் ஒரு தட்டு வந்தது.

டீச்சர் சாப்பிட ஆரம்பித்தார். பேச்சிமுத்து தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றார். மூன்று மாதமாக அடக்கிவைத்த கேள்வியை எடுத்தார். அடுத்த வருடமும் போட்டிக்கு வரப் போகிறாராம். அப்படியென்றால் நாளையிலிருந்தே பயிற்சி. இனி வாரத்தில் எத்தனை நாள் வண்டிக்கு வரலாம், வந்தால் எத்தனை ஆப்பம், மாலையில் புரோட்டா உண்டா இல்லையா, அதற்கு எவ்வளவு ஓட வேண்டும், அதை இப்போதே சொல்லிவிட்டால் நல்லது என்றார்.

டீச்சர் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினார்.

"இது தலையைத் தூக்குற நேரமில்ல, அண்ணாச்சி," என்றார். "ஆப்பம் ஆறுது."