மாசிலாமணியாரும் கடைசியாக வந்த குதிரையும்

உலகத்தீரே, கேளுங்கள். கையிலுள்ள வேலையைக் கீழே வையுங்கள். அடுப்பில் பால் இருந்தால் பொங்கட்டும். திருப்பரிமங்கலம் தேவஸ்தானத்தார் சலவைக்கல்லில் பொறித்து வைத்திருக்கும் மாபெரும் வரலாறு ஒன்றைச் சொல்லப் போகிறோம். அது குதிரை லத்தி அள்ளியவரைப் பற்றியது.

மாசிலாமணியார் பரிமேலீசர் கோயில் குதிரைக் கொட்டிலில் தொண்டு செய்து வந்தார். விடியுமுன் குளித்து, நீறு பூசி, கூடையும் தகரத் தட்டுமாக வந்துவிடுவார். அள்ளும்போதெல்லாம் "ஈசா, ஈசா" என்பார். கூடை நிறைந்ததும் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு நந்தவனத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார். சுவாமிக்குச் சாத்தும் மல்லிகை அந்த எருவில்தான் பூத்தது. அதைப் பிரசாதமாக வாங்கிச் சூடிய பெருமக்கள், அவரைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

குதிரையின் பெயர் மின்னல் ராஜா. சென்னையிலும் ஊட்டியிலும் ஓடி, ஓடிய பந்தயம் அத்தனையிலும் கடைசியாக வந்த பெருமை உடையது. முன்னால் போகிறவர்களின் வாலைப் பார்த்துக்கொண்டு போவதில் அதற்கு அப்படி ஒரு திருப்தி. சலித்துப்போன மில் முதலாளி ஒருவர், திடீரென்று பக்தி மேலிட்டு, அதைக் கோயிலுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டார். தமக்கு ஆகாதது ஆண்டவனுக்கு ஆகும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தர்மகர்த்தா ரத்தினசபாபதி, "அரபு தேசத்துப் பரி, அசுவமேத வம்சம்" என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். குதிரைக்கென்று கோயில் ஒதுக்கிய கொள்ளு மட்டும் நேரே அவர் வீட்டுக்குப் போயிற்று. அவர் வீட்டு எருமை பளபளத்தது. குதிரைக்கு விலா எலும்பு தெரிந்தது. மாசிலாமணியாரோ, தம் மனைவி காலை ஆகாரத்துக்கு அவித்துத் தந்த கொள்ளை மடியில் கட்டிவந்து, பாதியைக் குதிரைக்கு ஊட்டினார். சில நாள் கழித்து மீதிப் பாதியையும் ஊட்டினார்.

அந்த ஆண்டு பாரிவேட்டை வந்தது. சுவாமி மரக்குதிரை வாகனமேறி வேட்டைக்குப் புறப்படும் திருநாள். அவருக்கு முன்னே மின்னல் ராஜாவின் மேல் தாமே பட்டுத் தலைப்பாகையோடு போவதென்று தர்மகர்த்தா முடிவு செய்திருந்தார். முதல் நாள் கொட்டிலைப் பார்வையிட வந்தவரிடம் மாசிலாமணியார் கைகட்டிச் சொன்னார்.

"ஐயா, குதிரைக்குக் கொள்ளு வரலீங்க. உங்களச் சுமக்கத் தெம்பிருக்காதுங்க."

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கியதுதான் வினையாயிற்று.

"லத்தி அள்றவன் எங்கிட்டயே கணக்குக் கேக்குறியா? நாளைக்கு ஊர்வலத்துல உன் மூஞ்சியப் பாக்கக் கூடாது. திருநாள் முடிஞ்சதும் கூடையப் போட்டுட்டுப் போயிடு. உன் நாத்தம் சாமிக்கு ஆகாது."

அள்ளுவதே அவருக்குப் பூசை. அது போனால் அவருக்கு வேறு கோயில் இல்லை. அன்று அவர் அழுதார். ஆனாலும் மறுநாள் நீறு பூசி, பழக்கத்தில் மடியில் கொள்ளையும் முடிந்துகொண்டு, ஊர்வலத்தின் கடைக்கோடியில் போய் நின்றார். ஈசனின் முதுகையாவது பார்க்கலாமே.

வேட்டு வெடித்தது. கொம்பு முழங்கியது. மின்னல் ராஜா நகரவில்லை. மரக்குதிரை தன்னைக் கடந்து போகும்வரை மரியாதையாக ஒதுங்கி நின்றது. பிறகு ஓதுவார்கள் கடந்தார்கள், பெண்கள் கடந்தார்கள், பலூன்காரனும் கடந்தான்.

"முன்னால போ சனியனே!" என்று தர்மகர்த்தா விலாவில் உதைத்தார்.

"என்ன தர்மகர்த்தா, கடைசிப் பரிசு உண்டா?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

எல்லாரையும் வழியனுப்பிவிட்டு, குதிரை நேரே மாசிலாமணியாரிடம் நடந்து, முன்னங்கால்களை அகட்டித் தலையைத் தாழ்த்தி, அவர் மடிக்குள் முகத்தைப் புதைத்தது. குதிரையின் முதுகு சரிந்ததில் தர்மகர்த்தா அதன் கழுத்து வழியாக வழுக்கி அடியாரின் காலடியில் வந்து விழுந்தார்.

"குதிரை கும்பிடுது டோய்!" என்றான் பலூன்காரன்.

ஊரே திரும்பிற்று. தர்மகர்த்தா கீழே கிடந்தபடியே யோசித்தார். அவருடைய மூளை எந்தக் குதிரையையும் விட வேகமானது.

"நேத்துக் கனவுல சாமி சொல்லிச்சு! 'என் அடியான் கடைசியில நிப்பான், அங்க போய் விழு'ன்னுச்சு. விழுந்துட்டேன்!"

"பசிங்க அதுக்கு..." என்று மாசிலாமணியார் தொடங்கினார். அரகர முழக்கத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. சுவாமியின் பரிவட்டத்தை எடுத்து வந்து அவர் தலையில் கட்டினார்கள். கூடை அவருக்கே என்று தர்மகர்த்தா அங்கேயே அறிவித்தார். அடியார் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஈசா" என்றார்.

இன்றும் கொட்டில் வாசலில் அந்தச் சலவைக்கல்லைக் காணலாம். கனவு கண்டவரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. அடியார் பெயர் அதற்குக் கீழே. கடைசியில் நின்றவரைத் தேடி வந்த ஈசன் கருணையும், தம் பசியைப் பிசைந்து ஊட்டிய மாசிலாமணியார் தொண்டும் வாழ்க.

குதிரைக்குக் கொள்ளு இன்னும் வரவில்லை.