ஆடியில் வடகரை, ஐப்பசியில் தென்கரை

நெட்டேரியின் வடகரையில் ஓர் ஊராட்சி, தென்கரையில் ஓர் ஊராட்சி. ஏரி என்னவோ ஒன்றுதான். ஆட்சிதான் இரண்டு. நடு ஏரியில் பாதி முழுகிக் கிடந்த ஒரு பட்டுப்போன கருவேல மரம்தான் எல்லை.

வடகரைக்குத் தலைவி, செவ்வந்தி என்ற முக்குளிப்பான். கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பறவை. செம்பழுப்புக் கழுத்து. ஓடியாடி வேலை செய்வதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சபையில் யாராவது சங்கடமான கேள்வி கேட்டால் போதும், 'முளுக்' என்று தண்ணீருக்குள் முங்கிவிடுவாள். கேட்டவர் காத்திருந்து அலுத்துப்போய்க் கிளம்பிய பிறகு, தூரத்தில் நாணல் ஓரமாக மெல்லத் தலையைக் காட்டுவாள்.

தென்கரைக்குத் தலைவன், சுழியன் என்ற நீர்நாய். அவனுக்கு மீசைமேல் தனிப் பெருமை. சங்கடமான கேள்வி வந்தால் அவன் முங்க மாட்டான். மீசையைத் தடவிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிவிடுவான்.

இரண்டு தலைவர்களும் நேருக்கு நேர் பேசியதே இல்லை. எப்போதோ ஒரு கெண்டை மீனுக்காக வந்த மனத்தாங்கல் என்று சொல்வார்கள். அந்த மீனைத் தின்றவரும் இப்போது இல்லை, பறிகொடுத்தவரும் இல்லை. மனத்தாங்கல் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துப்போய் இருந்தது. தப்பித் தவறி ஏதாவது சொல்லியனுப்ப வேண்டுமென்றால் மீன்கொத்திதான் தூது போகும்.

ஒரு மழைக்காலத்தில் வாய்க்கால் வழியாக ஒரு பச்சைக் கொத்து மிதந்து வந்தது. அதன் உச்சியில் ஊதா நிறப் பூ.

"அடேயப்பா, என்ன அழகு! நம்ம ஏரிக்கே கல்யாணக் களை வந்துடுச்சு!" என்றது தவளை தொண்டையப்பன். வடகரைச் சபையில் எதற்கெடுத்தாலும் முதலில் பேசுவது அதுதான். அந்தச் செடிக்கு ஒரு வரவேற்புத் தீர்மானமும் போட்டார்கள்.

அது ஆகாயத்தாமரை. சும்மா இருக்கத் தெரியாத செடி. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அடுத்த ஆடிக்குள் ஒரு பெரிய பாயாகப் படர்ந்துவிட்டது. ஆடிக் காற்று தெற்கிலிருந்து வீசியது. பாய் மொத்தமும் நகர்ந்து வந்து வடகரையில் அப்பிக்கொண்டது. தண்ணீர் குடிக்க வழியில்லை. முங்க இடமில்லை. கொசு மட்டும் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறியது.

வடகரை எருமை கொம்பையன் வந்து நின்றது. "இழுத்துக் கரையில போட்டுடவா, தலைவி?"

"போடேன்!" என்றாள் செவ்வந்தி.

கொம்பையன் ஓரத்தில் கொம்பைக் கொடுத்து இழுத்தது. கூட்டமே சேர்ந்து இழுத்தது. பாய் கரையேறினால்தானே! அத்தனை வேரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது.

"ஒரு முனையைப் பிடிச்சா மொத்த ஏரியும் கூடவே வருது. யாராவது அடியில போய்த் துண்டு துண்டா வெட்டிக் கொடுத்தாத்தான் ஆகும்" என்று மூச்சிரைத்தது கொம்பையன்.

தண்ணீருக்கு அடியில் போய் வெட்டும் பல் நீர்நாய்களுக்குத்தான் உண்டு. நீர்நாய்களோ தென்கரை. அதனால் செவ்வந்தி, "எல்லை மரத்துக்கு அந்தாண்ட தள்ளிவிடுங்க. அப்புறம் அது அவங்க பாடு!" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் பகலெல்லாம் தள்ளினார்கள். பொழுது சாய்வதற்குள் காற்று திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது.

ஐப்பசி பிறந்தது. காற்று திசை மாறியது. வடக்கிலிருந்து வாடை வீசியதும், பாய் தானாகவே நகர்ந்து தென்கரைக்குப் போய்விட்டது.

வடகரை துள்ளிக் குதித்தது. "நம்ம தலைவி ஆட்சியில ஏரி சுத்தமாயிடுச்சு!" என்று தொண்டையப்பன் தொண்டை கிழியக் கத்தியது. நாணல் பூவில் மாலை கட்டினார்கள்.

"எப்படிச் செஞ்சீங்க தலைவி?" என்று ஒரு நத்தை வெள்ளந்தியாகக் கேட்டது.

முளுக்!

காற்றுதான் செய்தது என்று செவ்வந்திக்குத் தெரியும். ஆனாலும் மாலை அழகாக இருந்தது. வாயைத் திறக்காமல் போட்டுக்கொண்டாள்.

தென்கரையில் சுழியனும் அவன் ஆட்களும் அடியில் புகுந்து வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய துண்டுகளை இழுத்துக் கரையேற்றத்தான் அவர்களுக்குப் பலமில்லை. மிதந்த துண்டு ஒவ்வொன்றும் வேர்விட்டுப் புதுச் செடியாகியது. வெட்ட வெட்டப் பாய் பெருகியது!

மீன்கொத்தி பறந்து வந்தது. "தலைவி, தென்கரைத் தலைவர் கேக்கிறார். எருமைங்களைக் கொஞ்ச நாள் அனுப்ப முடியுமான்னு."

மாலையைச் சரிசெய்துகொண்டே செவ்வந்தி சொன்னாள். "அவங்க கரைக் குப்பை. அவங்களே பார்த்துக்கட்டும்!"

மறு ஆடியில் பாய் இரண்டு மடங்காகி வடகரைக்குத் திரும்பி வந்தது. இப்போது தென்கரையில் திருவிழா. சுழியனுக்கு மாலை. செவ்வந்தி மீன்கொத்தியைக் கூப்பிட்டாள். "நீர்நாய்ங்க வந்து வெட்டிக் கொடுப்பாங்களான்னு கேட்டுட்டு வாயேன்."

"நான் எதுக்குத் தலைவி போகணும்? பதில் எனக்கே தெரியுமே!" என்றது மீன்கொத்தி. இருந்தாலும் போனது. தெரிந்த பதிலோடு திரும்பி வந்தது.

இப்படியே வருடங்கள் ஓடின. ஆடியில் வடகரை அழும், தென்கரை சிரிக்கும். ஐப்பசியில் தென்கரை அழும், வடகரை சிரிக்கும். ஏரி மட்டும் எப்போதும் அழுதுகொண்டிருந்தது. அதை யார் கேட்டார்கள்!

கடைசியில் ஒரு புரட்டாசியில் பாய் ஏரி முழுவதையும் மூடிவிட்டது. அடியில் இருட்டு. மீன்கள் செத்து நாறின. அந்த நேரம் பார்த்துத்தான் செவ்வந்தியின் கூட்டில் இரண்டு குஞ்சுகள் பொரிந்திருந்தன. கோடு போட்ட தலையை நீட்டிக்கொண்டு, "பசிக்குதும்மா! பசிக்குதும்மா!" என்று ஓயாமல் கத்தின.

அவள் நாணல் இடுக்கில் கிடைத்த பூச்சியையெல்லாம் பொறுக்கிக் கொடுத்துப் பார்த்தாள். போதவில்லை. சின்னக் குஞ்சுக்குக் கத்தக்கூடச் சக்தி குறைந்துகொண்டே வந்தது. ஒரு பொடிமீனாவது கிடைக்காதா என்று பாய்க்கு அடியில் முங்கினாள்.

தேடினாள், தேடினாள், ஒன்றுமே இல்லை. மூச்சு முட்டியது. மேலே வரப் பார்த்தால் எங்கும் வேர்க் கூரை. முட்டினாள், திறக்கவில்லை. குஞ்சுகளை நினைத்துக்கொண்டாள். தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய்த் தலையை வெளியே நீட்டினாள்.

கருவேல மரத்தடியில் ஒரே ஒரு பொந்தளவு இடைவெளி. நீட்டிய வேகத்தில் அவள் அலகு ஒரு மீசையில் போய்க் குத்தியது.

"ஐயோ! யாரது?"

"வடகரைத் தலைவி. நீங்க?"

"தென்கரைத் தலைவன். இது எங்க எல்லை!"

"மரத்துக்கு இந்தப் பக்கம் எங்க எல்லை!"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் இரண்டு தலைக்குத்தான் இடம் இருந்தது. சண்டைக்கு இடமில்லை.

"முதல்ல மூச்சு விடுங்க. அப்புறம் எல்லையைப் பார்ப்போம்" என்றான் சுழியன்.

மூச்சு சீரானதும் செவ்வந்தி கேட்டாள். "உங்க பக்கமாவது மீன் இருக்குதா? என் குஞ்சுங்க பட்டினி."

"எங்க கரையில தண்ணி ஆழம் கம்மி. ஏரி மீன் எல்லாம் அங்க வந்துதான் முட்டை போடும். அந்த இடம் மூடிக் கிடக்குதே, எங்கேர்ந்து பொரியும்?"

"அப்ப எங்க கரை மீனு?"

"அதுவும் எங்க கரையில பொரிஞ்சு வந்ததுதாம்மா."

செவ்வந்திக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடம் அவள் தள்ளிவிடச் சொன்ன குப்பை, அவள் வீட்டு அடுப்பையே அணைத்திருக்கிறது.

"ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு எருமைங்களைக் கேட்டேனே, ஏன் அனுப்பல?" என்றான் சுழியன்.

முங்கிவிடலாமா என்று அவள் கால் துடித்தது. ஆனால் அடியில் இருட்டுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் பதில் சொன்னாள்.

"நாங்க திருவிழா கொண்டாடிக்கிட்டு இருந்தோம்."

சுழியனின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தாள். சிரிப்பு!

"நாங்களும் ஆடியில அதைத்தான் பண்ணினோம்!"

இருவரும் விலா நோகச் சிரித்தார்கள். பிறகு சுழியன் சொன்னான். "எங்க ஆளுங்க வெட்டட்டும், உங்க எருமைங்க இழுத்துக் கரையேத்தட்டும். எங்க கரையில முதல்ல ஆரம்பிப்போம்."

"அதெப்படி? எங்க கரைதான் முதல்ல!"

பழைய மனத்தாங்கல் மறுபடி தலைதூக்கப் பார்த்தது. நல்லவேளை, அந்த நேரம் லேசாகக் காற்று அடித்தது. பாய் கொஞ்சம் நகர்ந்தது. இடைவெளியும் கொஞ்சம் அகன்றது. செவ்வந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து யார் கரையில கொண்டுபோய்க் குவிக்குதோ, அங்கதான் வேலை. ரெண்டு ஊரும் அங்க வந்து நிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்!"

ஐப்பசி வந்தது. வாடை வீசியது. பாய் நெருக்கியடித்துக்கொண்டு வழக்கம்போல் தென்கரையில் போய்க் குவிந்தது. வடகரையில் தண்ணீர் பளிங்காகத் தெரிந்தது. செவ்வந்தி சபையைக் கூட்டி, எருமைகளைத் தென்கரைக்கு அனுப்ப வேண்டும் என்றாள்.

தொண்டையப்பன் எகிறிக் குதித்தது. "நம்ம கரைதான் சுத்தமாயிடுச்சே! நம்ம எருமைங்க எதுக்கு அங்க போய் முதுகை ஒடிச்சுக்கணும்? சொல்லுங்க தலைவி!"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். காலடியில் தெளிந்த தண்ணீர். முங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நாணல் பூச்சியிலேயே உயிரைப் பிடித்துக்கொண்டு முதுகில் கிடந்த குஞ்சுகளைச் செவ்வந்தி நாணலில் இறக்கிவிட்டாள்.

முளுக்!

"போச்சு! இனி எங்க வரப்போறாங்க!" என்று தொண்டையப்பன் கையை விரித்தது. கூட்டம் கலையத் தொடங்கியது.

ஆனால் முங்கிய இடத்திலேயே அவள் எழுந்தாள். முங்கிய இடத்தில் செவ்வந்தி எழுந்ததை வடகரை பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் அலகைத் திறந்து காட்டினாள். அலகில் ஒன்றுமே இல்லை.

"தண்ணி சுத்தம்தான். அடிவரைக்கும் போய்ப் பார்த்துட்டேன், ஒத்த மீனு இல்ல. நம்ம சோறு தென்கரையில பொரியுது. அங்க மூடிக் கிடந்தா இங்க பட்டினி. இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னைக்கு ஏரியைச் சுத்தம் பண்ணினது நான் இல்ல. காத்து."

"அது எங்களுக்கும் தெரியும். திருவிழா நல்லா இருந்துச்சேன்னு விட்டுட்டோம்" என்றது தொண்டையப்பன், குரல் இறங்கி.

கொம்பையன் எழுந்து உடம்பை உதறியது. "பேசினது போதும். எந்தப் பக்கம் போகணும்?"

அன்றே எருமைகள் எல்லை மரத்தைத் தாண்டி நீந்தின. நீர்நாய்கள் அடியில் புகுந்து துண்டு துண்டாக வெட்டின. எருமைகள் கொம்பில் மாட்டி இழுத்து, தண்ணீர் எட்டாத மேட்டில் கொண்டுபோய்ப் போட்டன. கொம்பு நிறைய ஊதாப் பூவும் முகம் நிறையச் சேறுமாகக் கொம்பையன் கரையேறியபோது, மாட்டுப் பொங்கலுக்குச் சோடித்த மாதிரி இருந்தது. சிதறிய சின்னத் துண்டுகளைப் பறவைகள் ஒன்றுவிடாமல் பொறுக்கின. தொண்டையப்பன் பாட்டுப் பாடியது. அதை நிறுத்தச் சொல்லி இரண்டு கரையும் ஒரே குரலில் கேட்டன.

முட்டை போடும் இடத்தில் வெயில் விழுந்தது. அங்கங்கே பிழைத்துக் கிடந்த மீன்கள் வந்து சேர்ந்தன. மார்கழிக்குள் வெள்ளிப் பொட்டுகளாகப் பொடிமீன்கள் ஏரியெங்கும் ஓடின. சின்னக் குஞ்சு முதல் மீனை விழுங்கி விக்கியபோது, செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஆடி வந்தது. தெற்கிலிருந்து காற்று வீசியதும் அவளுக்குப் பழைய பயம் பிடித்துக்கொண்டது. இப்போது தென்கரை சுத்தம். குப்பை இந்தப் பக்கம். அவர்கள் வருவார்களா?

விடிந்ததும் கரைக்கு ஓடினாள். மிச்சமிருந்த ஆகாயத்தாமரை ஒரு சின்னப் பாயாக ஒதுங்கியிருந்தது. அதைச் சுற்றிலும் தண்ணீர் கலங்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஒரு மீசை எட்டிப் பார்த்தது.

"என்னம்மா, உங்க எருமைங்க இன்னும் எழுந்திரிக்கலையா? நாங்க வந்து எவ்வளவு நேரமாச்சு!" என்றான் சுழியன்.

மீன்கொத்தி பறந்து வந்து கருவேல மரத்தில் உட்கார்ந்தது. "தலைவி, ஏதாவது தகவல் சொல்லணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நாங்களே பேசிக்கறோம். நீ போய் நிம்மதியா மீன் பிடி!" என்றாள் செவ்வந்தி.

ஒரே தண்ணீரைக் குடிக்கும் ஊர்கள், தம் பக்கம் சுத்தமாக இருக்கும் நாளிலேயே அடுத்த பக்கம் போய்க் கைகொடுத்தால்தான் இரண்டு பக்கமும் பிழைக்கும்.