கள்ளிக்கொல்லையின் நூறு பேர்

கள்ளிக்கொல்லையில் நாலே வீடு. மீதியெல்லாம் வானம் பார்த்த சோளக்கொல்லை. அங்கே மாடு மேய்க்கும் சடச்சி, கால்வாய்த் தண்ணீர் கேட்டு ஜமீன்தாரிடம் போய் நின்றாள்.

"நாளைக்கு அந்தப் பக்கம் வருவேன். நூறு பேர் நின்று வரவேற்றால் மதகைத் திறக்கிறேன்," என்றார் அவர் நக்கலாக.

மறுநாள் பொழுது சாயப் பல்லக்கு வந்தது. கொல்லை நெடுக வேட்டியும் தலைப்பாகையுமாகக் கூட்டம். கள்ளி முள்ளுக்குப் பயந்த ஜமீன்தார், இறங்காமலே கையை ஆட்டிவிட்டு மதகைத் திறக்கச் சொன்னார். அரண்மனைக்குப் போய், "ஒவ்வொருத்தரிடமும் நலம் விசாரித்தேன். வாயார வாழ்த்தினார்கள்," என்று சபையில் அளந்தார்.

நின்றதெல்லாம் வைக்கோல் பொம்மை என்று பிறகுதான் கணக்குப்பிள்ளை துப்புக் கொண்டுவந்தார். சடச்சியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"என்னையே ஏமாற்றினாயா? அதெல்லாம் பொம்மையாமே."

"அவங்க வாழ்த்தினதைக் காதால கேட்டதா சாமிதானே சபையில சொன்னீங்களாம், ஊரெல்லாம் அதே பேச்சு. பொம்மை வாழ்த்துமா? அங்க நின்னது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

சபை மொத்தமும் ஜமீன்தார் வாயையே பார்த்தது.

"மனுஷர்கள்தான்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"அப்படின்னா நூறு பேருக்கும் தண்ணி வேணுங்க. மதகு திறந்தே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, சடச்சி மாடு ஓட்டக் கிளம்பினாள்.