நிற்கக் கற்றுக்கொண்ட பந்தயக் குதிரை

காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ஒரு மலைச்சரிவில் சிறிய லாயம் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அதில் சடையன் என்ற கோவேறு கழுதை தனியாக இருந்தது. அதிகம் பேசாது. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முகம் சுளிக்காது.

ஒரு நாள் காலையில் அங்கே ஒரு லாரி வந்து நின்றது. செம்பழுப்பு நிறத்தில் உயரமான பெண்குதிரை ஒன்று அதிலிருந்து இறங்கியது. அதன் பெயர் கோமேதகம்.

கோமேதகம் நகரத்துப் பந்தய மைதானத்தில் பல கோப்பைகளை வென்ற குதிரை. வயது ஏறி வேகம் குறைந்ததும், இனி இது ஓடாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த மலையில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் தெய்வானை அதைக் கேட்டு வாங்கி வந்தார். ஜீப் போகாத ஊர்களுக்கெல்லாம் போக அவருக்கு ஒரு சவாரிக் குதிரை வேண்டியிருந்தது.

"கோமேதகம்னு கூப்பிட வாய் வலிக்குது. எனக்கு நீ கோமுதான்" என்று கழுத்தைத் தடவினார் தெய்வானை.

குதிரை காதை மடக்கிக்கொண்டது. கோமுவாம் கோமு!

சவாரி பழக்குவது எளிதாக இல்லை. டாக்டர் ஏறுவதற்குள்ளேயே கோமேதகம் கிளம்பிவிடும். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் இன்னும் வேகமாகப் பாயும். ஏனென்றால் மைதானத்தில் கடிவாளம் இறுகினால் ஓடு என்றுதான் பொருள். டாக்டர் இரண்டு முறை சேற்றில் விழுந்தார். ஆனாலும் சவுக்கை எடுக்கவில்லை. கடிவாள வாரைத் தளர்த்திவிட்டு, சேணத்தில் அழுத்தமாக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் "நில்லுடி" என்பார். கோமேதகம் நின்றால் கழுத்தைச் சொறிந்துகொடுப்பார்.

மழைக்காலம் முடிவதற்குள் அது நிற்கப் பழகியது. ஆனால் மனம் மட்டும் ஒப்பவில்லை.

"நிற்பதற்கா நான் பிறந்தேன்?" என்று சடையனிடம் அங்கலாய்த்தது. "விடியற்காலையில் பனி விலகுவதற்கு முன்பே எங்களை ஓட்டிப் பார்ப்பார்கள். ஈரப்புல் வாசனை மூக்கில் ஏறும். பந்தய நாளில் கதவு படாரென்று திறக்கும். அப்புறம் அந்தச் சத்தம்! தொலைவிலிருந்து பெருமழை காட்டைத் தாண்டி வருமே, அப்படி வரும் கூட்டத்தின் சத்தம். இப்போதும் கூரையில் மழை பெய்தால் எனக்குக் கால்கள் துடிக்கின்றன."

"நன்றாகத்தான் இருந்திருக்கும்" என்றது சடையன், வைக்கோலை மென்றபடி.

இதை வேலிக்கு வெளியே பதுங்கியிருந்த ஒரு நரி கேட்டது. இவ்வளவு பெரிய குதிரை பள்ளத்தில் விழுந்து செத்தால் எத்தனை நாள் விருந்து என்று அது கணக்குப் போட்டது.

மறுநாள் கோமேதகம் தனியாக மேயும்போது நரி வந்து வணங்கியது.

"பந்தய ராணியே! உங்களைப் போய்ச் சுமை தூக்க வைத்திருக்கிறார்களே. எங்கள் காட்டு விலங்குகளுக்கு உங்கள் ஓட்டத்தை ஒரு முறையாவது பார்க்க ஆசை."

"எங்கே ஓடுவது? இங்கே மைதானம் ஏது?"

"ஏன் இல்லை? மேட்டுப் புல்வெளிதான் மைதானம். அதன் கோடியில் இரண்டு பாறைகள் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவேதான் எல்லைக்கோடு. நீங்கள் அந்தப் பக்கம் வரும்போது கூட்டம் ஆரவாரம் செய்யும். அதைக் கேட்டதும் பறந்து வாருங்கள்!"

பிறகு நரி குரங்குகளிடம் போனது. "அந்தக் குதிரை வரும்போது எல்லோரும் சேர்ந்து கத்துங்கள். மருண்டு ஓடும், வேடிக்கையாக இருக்கும்" என்றது. குரங்குகளுக்கு வேடிக்கை என்றால் போதாதா? ஏன் எதற்கு என்று ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அன்று மாலை, மலை ஊர் ஒன்றில் பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு டாக்டர் திரும்பிக்கொண்டிருந்தார். புல்வெளியில் மூடுபனி இறங்கியிருந்தது. திடீரென்று மரங்களெல்லாம் அதிர்ந்தன. "ஊ! ஊ!" என்று குரங்குகள் கூச்சலிட்டன.

கோமேதகத்தின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதே சத்தம்! பனி, ஈரப்புல், ஆரவாரம்! அது பாய்ந்தது. வயதெல்லாம் உதிர்ந்துவிட்டதுபோல் இருந்தது. முதுகில் ஆள் இருப்பதே மறந்துபோயிற்று. கண்ணுக்கு இரண்டு பாறைகள் மட்டுமே தெரிந்தன.

பாறைகளுக்கு அப்பால் நிலம் இல்லை. ஆழமான பள்ளத்தாக்கு. அது டாக்டருக்குத் தெரியும்.

கடிவாளத்தை இழுக்கக் கை பரபரத்தது. ஆனால் இழுத்தால் அது இன்னும் பாயும். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வாரைத் தளர்த்தினார். சேணத்தில் அழுந்த உட்கார்ந்தார்.

"நில்லுடி, கோமு. நில்லு."

அத்தனை இரைச்சலிலும் அந்தத் தாழ்ந்த குரல் கோமேதகத்தின் காதில் விழுந்தது. 'எல்லைக்கோடு இதோ இருக்கிறதே!' என்றது மனம். நிற்கப் பழகிய கால்களோ அந்தக் குரலைக் கேட்டன. முன்னங்கால்களை ஊன்றி, சறுக்கி, மண்ணைக் கிழித்துக்கொண்டு அது நின்றது. குளம்பு பட்ட கற்கள் பாறை இடுக்கு வழியே உருண்டன. விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. கூடவே ஒரு நரியின் ஊளையும் கேட்டது. கீழே நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்த நரியின் முதுகில் ஒரு கல் சரியாக விழுந்திருந்தது. அது நொண்டியபடி ஓடியதுதான், அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

கோமேதகம் நடுங்கிக்கொண்டு நின்றது. டாக்டர் இறங்கினார். அடிக்கப்போகிறார் என்று குதிரை கண்ணை மூடிக்கொண்டது. அவரோ அதன் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார்.

"பழைய ஞாபகமாடி?" என்றார். "சரி விடு. வா, வீட்டுக்குப் போலாம்."

அன்று அவர் மறுபடி ஏறவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தே வீடு சேர்ந்தார்கள்.

நடந்ததையெல்லாம் கேட்ட சடையன், "இனிமேல் பந்தயத்தை மறந்துவிடுவாயா?" என்றது.

"மறக்க மாட்டேன். அது என்னுடைய காலம். அதை ஏன் மறக்க வேண்டும்?"

"அதுவும் சரிதான். உனக்காகக் கைதட்டினார்களே, அவர்களில் யாருடைய முகமாவது நினைவிருக்கிறதா?"

கோமேதகம் மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தது. கொடிகள் நினைவுக்கு வந்தன. புல்லின் வாசனை வந்தது. பெருமழைபோல் அந்தச் சத்தமும் வந்தது. முகம் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

அப்போது முற்றத்தில் தீவன வாளியோடு யாரோ வரும் ஓசை கேட்டது. ஆள் கண்ணில் படுவதற்கு முன்பே, அது யாருடைய நடை என்று அறிந்து கோமு கனைத்தது.

நீதி: பழைய புகழை மனத்தில் வைத்துக்கொள்ளலாம், கடிவாளத்தை அதன் கையில் கொடுத்துவிடக் கூடாது.