அந்த ஒரு வரியை மாற்றியது யார்?

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். அங்கே ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆனவள் செண்பகவல்லி. ஒரு திங்கட்கிழமை காலை, அவர்கள் எழுதிக் கொடுத்த மருத்துவமனை டோக்கன் மென்பொருள் ஒரே எண்ணை இரண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டது. புகார் மேல் புகார்.

மேலாளர் தயாபரன் எல்லாரையும் கூட்டிவைத்து அவளை முறைத்தார்.

“புதுசா வந்த ஆள் நீதான். நீ கெடுக்கலேன்னா, யார் கெடுத்ததுன்னு பத்து நிமிஷத்துல சொல்லு. நிரல்ல மொத்தம் நாலாயிரம் மாற்றம் பதிவாகியிருக்கு, தேடு. முடியலேன்னா நாளைக்கு வராதே.”

செண்பகவல்லி கேட்டாள்: “கண்டுபிடிச்சா அவங்களுக்கு என்ன தண்டனை சார்?”

“யாரா இருந்தாலும் சரி, இந்த வாரம் முழுக்கப் புகார் போனை அவங்கதான் எடுக்கணும்!”

நிரலில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதையெல்லாம் ‘கிட்’ (Git) என்ற மென்பொருள் குறித்து வைத்திருக்கும். செண்பகவல்லி நாலாயிரத்தையும் துழாவவில்லை. டோக்கன் எண் போடும் அந்த ஒரு வரியின் வரலாற்றை மட்டும் கேட்டாள். இரண்டே பதிவுகள் வந்தன. திரையை எல்லார் பக்கமும் திருப்பினாள்.

“பேரை நான் வாசிக்கட்டுமா, நீங்களே வாசிக்கிறீங்களா சார்?”

கடைசிப் பதிவு இப்படி இருந்தது: ‘தயாபரன், வெள்ளி மாலை. சின்ன மாற்றம்தான், சோதிக்கத் தேவையில்லை.’

எல்லாரும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் புகார் போன் அடித்தது. தயாபரன் திருதிருவென விழித்தார். பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

“எடுங்க சார்,” என்றாள். “நீங்க பேசிட்டிருங்க, அதுக்குள்ள நான் சரி பண்ணிடறேன்.”