ஆளுக்கு ஓர் ஆழாக்கு

அரசவைக் கதைகள் எல்லாவற்றிலும் அரசர் இருப்பார், அமைச்சர் இருப்பார், சிரிக்கவைக்க ஒரு விகடகவியும் இருப்பான். அந்த அரசரை நாள்தோறும் தூக்கத்திலிருந்து எழுப்பியவள் எவள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. அவள் எழுப்பாவிட்டால் அரசர் ஏது, அவை ஏது, கதைதான் ஏது? ஆகவே அவளிடமிருந்தே தொடங்குவோம்.

வேங்கைநாட்டு மன்னர் கீர்த்திபூபதிக்கு விடியலில் பள்ளியெழுச்சி பாடுபவள் வஞ்சுளவல்லி. குரல் இனிமையானது, நாக்கு அப்படியல்ல. அவளுடைய பாட்டு காதில் விழும்வரை மன்னர் கட்டிலைவிட்டுக் காலைத் தரையில் வைக்கக்கூடாது என்பது அந்த அரண்மனையின் வழக்கம். முப்பாட்டனார் ஒருமுறை வைத்தாராம். மறுநாளே ஒரு கோட்டை பறிபோயிற்றாம்.

தேர்த்திருவிழா நெருங்கியது. இரவெல்லாம் தவிலும் கொம்பும் ஒத்திகை பார்த்தன. அரண்மனையில் ஒருவரும் கண்மூடவில்லை. அப்போதுதான் தலைமை வைத்தியர் சர்வரோகபாஸ்கரர் ஒரு பெரிய குடத்தோடு அவைக்கு வந்தார்.

“மன்னா! உறக்கக் கஷாயம். என் புதிய ஆய்வின் முடிவு. யானைப்படை வீரர் நூறு பேருக்குக் கொடுத்துச் சோதித்தேன். படுத்ததும் உறங்கினார்கள், சேவல் கூவியதும் துள்ளி எழுந்தார்கள். அளவு, ஆளுக்கு ஓர் ஆழாக்கு!”

“பெண்கள் எவருக்காவது கொடுத்துப் பார்த்தீர்களா, வைத்தியரே?” என்று தூணருகிலிருந்து கேட்டாள் வஞ்சுளவல்லி.

“எதற்கு அம்மணி? பெண்ணுடம்பு மாதத்தில் பலவிதமாக மாறும். என் சோதனை குழம்பிவிடும்.”

“சோதனையைக் குழப்பும் உடம்பு, கஷாயத்தை மட்டும் குழப்பாதோ?”

“ஆள் என்றால் ஆள்தான். வீரர் என்றால் அதில் பெண்களும் அடக்கம்!”

அவை தலையாட்டியது. அவைக்கு நன்றாக வந்த வேலை அது ஒன்றுதான்.

மன்னர் ஆணையிட்டார். அன்றிரவு அரண்மனையில் ஒருவர் விடாமல் ஆளுக்கு ஓர் ஆழாக்கு குடித்தார்கள். மன்னர் அதற்குமேல் இரண்டு செம்பு நீர்மோரும் குடித்தார். இதை மறந்துவிடாதீர்கள்.

சேவல் கூவியது. மன்னர் கண்விழித்தார். அமைச்சர் விழித்தார். வைத்தியரும் விழித்தார். பாட்டு மட்டும் வரவில்லை.

“வஞ்சுளவல்லி எங்கே?”

“உறங்குகிறாள் மன்னா,” என்றான் வாயிற்காவலன். “முகத்தில் தண்ணீர் தெளித்தோம். மழையா என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்துவிட்டாள்.”

“அரசியை எழுப்பிக் கேளுங்கள், என்ன செய்யலாம் என்று!”

“அரசியாரும் உறங்குகிறார். தோழியர், சமையற்கட்டுப் பெண்கள் எல்லோருமே உறங்குகிறார்கள்.”

அமைச்சர் தாமே ஓரடி பாடிப் பார்த்தார். பட்டத்து யானை பதில் குரல் கொடுத்தது. மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நீர்மோர் தன் வேலையைக் காட்டியது. வெயில் ஏறியது. வஞ்சுளவல்லி தள்ளாடி வந்து பாட்டை எடுத்தபோது உச்சிப்பொழுது. அன்று பட்டுமெத்தையை ஏன் மாடத்தில் உலர்த்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அவை கூடியது. மன்னரின் முகம் சிவந்திருந்தது.

“வைத்தியரே, உமது கஷாயத்தில் குறையா?”

“குறையே இல்லை. நூறு வீரர்களும் சாட்சி. குறை இந்தப் பெண்ணின் சோம்பலில்!”

“அப்படியானால் இவளைக் கழுதைமேல் ஏற்றி நாட்டின் எல்லைக்கு அப்பால் விட்டுவிடுங்கள்!”

வஞ்சுளவல்லி பாடுவதைத் தவிர வேறு பிழைப்பு அறியாதவள். எல்லைக்கு அப்பால் அவள் பாடி எழுப்ப அரசர் எவரும் இல்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்றாள்.

“போகிறேன் மன்னா. போகுமுன் ஓர் ஐயம். வைத்தியரே, வீரர் என்றால் அதில் பெண்களும் அடக்கம் என்றீர்களே, இன்றும் அதே சொல்தானா?”

“இன்றும் அதே, என்றும் அதே!”

“நல்லது. அப்படியானால் நானும் ஒரு வீரர். விடியல் என் காவல். சேனாதிபதியாரே, காவலுக்கு நிற்க வேண்டிய வீரரை மருந்து கொடுத்து உறங்கவைத்தவருக்குப் படைச்சட்டம் விதிப்பது என்ன?”

சேனாதிபதி மீசையைத் தடவினார். “மொட்டை. பிறகு கழுதை. பிறகு எல்லை.”

“கழுதை தயாராகவே இருக்கிறது,” என்றாள் வஞ்சுளவல்லி.

வைத்தியர் தம் குடுமியைப் பற்றிக்கொண்டு அலறினார். “ஐயோ! இவள் எப்படி வீரர் ஆவாள்? இல்லை மன்னா, இல்லவே இல்லை! பெண்கள் அடக்கமில்லை!”

அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டே அவைக்குள் நுழைந்தார் அரசியார்.

“என்ன சொன்னீர், வைத்தியரே? யாருக்கு அடக்கமில்லை?”

“அம்மா, நான் சொன்ன அடக்கம் வேறு…”

“எந்த அடக்கமானாலும் சரி,” என்றாள் வஞ்சுளவல்லி. “பெண்கள் அதில் இல்லையென்றால், எங்களுக்கு அந்த ஆழாக்கை எந்த உடம்பில் சோதித்து அளந்தீர்கள்?”

வைத்தியர் மறுபடியும் குடுமியைப் பற்றிக்கொண்டார். மன்னருக்குத்தான் சிரிப்பு வந்தது. கிரீடம் நழுவி மடியில் விழும்வரை சிரித்தார்.

கழுதை லாயத்துக்குத் திரும்பியது. சோதனை புதிதாக நடந்தது. இம்முறை வஞ்சுளவல்லி வீடு வீடாகச் சென்று பெண்களிடம் கேட்டாள். விரும்பி வந்தவர்களுக்கு மட்டும் அளவைக் குறைத்துக் குறைத்துக் கொடுத்தார்கள். அரை ஆழாக்கே போதும் என்று தெரிந்தது. அரசியார் மகிழ்ந்து, அத்தனை பெண்களுக்கும் அளவெடுத்துத் தைத்த பட்டு ரவிக்கைகளைப் பரிசளித்தார்.

“மன்னா, கஷாயம் என்னுடையது! எனக்குப் பரிசு?” என்று ஓடிவந்தார் வைத்தியர்.

வஞ்சுளவல்லி ஒரு ரவிக்கையை எடுத்து நீட்டினாள்.

“பெண்களுக்கு அளவெடுத்துத் தைத்தது. அதனாலென்ன? ஆள் என்றால் ஆள்தான். போட்டுக்கொள்ளுங்கள், பொருந்தாவிட்டால் குறை உங்கள் உடம்பில்!”

கிரீடம் மீண்டும் மடியில் விழுந்தது.

வஞ்சுளவல்லி தன் குரல் தளரும்வரை அந்த அரண்மனையில் பாடினாள். அவளுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் ஒரு புதிய மருந்தும் உள்ளே நுழையவில்லை. சர்வரோகபாஸ்கரர் பின்னாளில் ஒரு மருத்துவ நூல் எழுதினார். பெண்களுக்கு அரை ஆழாக்கு என்று அதில் இருக்கிறது. அவள் பெயர் இல்லை.