ஜிலேபிக்கு வந்த குளம்பு வீக்கம்

கொடைக்கானல் ஏரிக்கரையில் மட்டக்குதிரை ஓட்டிப் பிழைத்த சகோதரர் மூவரில் மொக்கராசு மூத்தவன். ஆகையால் யோசிக்கிற வேலை அவனுடையது. அவன் யோசித்து முடிக்கும்வரை தம்பிகள் ஒச்சப்பனும் வீரணனும் வாயைத் திறந்தபடி காத்திருப்பார்கள்.

அவர்களுடைய குதிரையின் பெயர் ஜிலேபி. மழைக்கு முளைத்த கொழுத்த புல்லையும், சுற்றுலா வந்தவர்கள் ஊட்டிய கேரட்டையும் பன்னையும் தின்று தின்று, ஒருநாள் காலையில் அது முன்னங்காலை ஊன்ற முடியாமல் நின்றுவிட்டது. மொக்கராசு அழுதுகொண்டே ஓடி, கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டிவந்தான்.

டாக்டரம்மா குளம்பைத் தொட்டுப் பார்த்தார். "கொதிக்குதே! தீனி மிஞ்சிப்போய் வந்த வீக்கம். கவனிக்கலைன்னா அப்புறம் எந்திரிக்கவே எந்திரிக்காது. இனிமே பச்சைப்புல்லைக் கண்ணுலயே காட்டக்கூடாது. இனிப்புங்கிற பேச்சே கூடாது. காஞ்ச புல்லைத் தண்ணியில ஊறப்போட்டு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு வைங்க. மெத்துன்னு இருக்கிற இடத்துல நிக்கட்டும்" என்று சொல்லி, ஊசி போட்டுவிட்டுப் போனார்.

உடனே வீரணன் தன் துண்டால் ஜிலேபியின் கண்ணைக் கட்டினான்.

"அடேய், துண்டே பச்சை நிறம்டா!" என்று அலறினான் மொக்கராசு. நல்லவேளை, ஒச்சப்பனிடம் சிவப்புத் துண்டு இருந்தது.

"அண்ணே, இனிப்புப் பேச்சே கூடாதாமே. நாம ஜிலேபி ஜிலேபின்னு கூப்பிடுறோமே?" என்றான் ஒச்சப்பன்.

மொக்கராசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷமும் தன் வாயாலேயே பிள்ளைக்கு இனிப்பூட்டியிருக்கிறானே! அன்றிலிருந்து குதிரைக்குப் பாகற்காய் என்று பெயர்.

புல் ஊறிய தண்ணீர்தான் பெரிய சிக்கலாகிவிட்டது.

"மண்ணுல கொட்டினா பச்சைப்புல் முளைச்சிடுமே?"

"எதுவுமே முளைக்காத இடமாப் பார்க்கணும்."

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். பிறகு இருவர் மட்டும் வீரணனின் வழுக்கைத் தலையைப் பார்த்தார்கள். மலைக்குளிரில் தினமும் ஒரு வாளி. வீரணன் பல் கிடுகிடுக்க, "பாகற்காய்க்கு இப்போ எப்படிண்ணே இருக்கு?" என்று மட்டும் கேட்பான்.

மெத்துன்னு இருக்கிற இடத்துக்கும் பஞ்சமில்லை. மூன்று பேருடைய பஞ்சுமெத்தைகளும் லாயத்துக்குப் போயின. சகோதரர்கள் வெறுந்தரையில் சுருண்டார்கள்.

வாரங்கள் போயின. குளம்புச் சூடு தணிந்து, குதிரை நாலு காலையும் அழுத்தி ஊன்றியது. டாக்டரம்மா வந்து பார்த்து அசந்துபோனார். கண்கட்டைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தவர், வேண்டாமென்று விட்டுவிட்டார்.

"நல்லாப் பார்த்திருக்கீங்க. இனிமே கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடலாம்."

அவர் போனதும் லாயத்து வாசலில் ஆலோசனை நடந்தது.

"முதல்ல தலையை விடுவோமாண்ணே?"

"தலையிலதானேடா வாய் இருக்கு? புல்லைக் கடிச்சிடாது?" மொக்கராசு கண்ணை மூடி யோசித்தான். "திருப்பி நிறுத்துங்க."

மறுநாள் அந்த வழியாக வந்த டாக்டரம்மா, லாயத்துக் கதவிடுக்கில் ஒரு வால் மட்டும் தொங்குவதைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

மொக்கராசு பெருமையாகக் கும்பிட்டான். "அவசரப்படலைங்கம்மா. இன்னைக்கு வால் வரைக்கும்தான் விட்டிருக்கோம். இடுப்பை அடுத்த வாரம் விடலாங்களா?"